வாய்க்காலும் வான்மழையும்

1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அதுவரை மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கினுள் இறங்கியது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துச் சென்றும் மனந்தளராது எட்டாண்டுகள் பாடுபட்டு அணையை எழுப்பிய பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு அழைக்கும் உழவர் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. அந்நீர் வைகையோடு கலந்து மதுரைச் சீமையின் வயல்களைச் சென்றடைந்தது.

அடுத்த ஆண்டு, 1896 ஜூலைத் திங்களின் நடுவில், அதே மதுரையில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில் பதினாறு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் தனியே அமர்ந்திருந்தான். அரைமணி நேரத்திற்கும் மிகாத பொழுதில் அவனுள் ஏதோ ஒன்று நிகழ்ந்தது. அதன்பின் அவன் பழைய சிறுவனாக இல்லை. வேங்கடராமன் என்பது அவன் பெயர். உலகம் அவனைப் பின்னாளில் ரமண மகரிஷி என்று அறிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் எந்த வரலாற்றாசிரியரும் சேர்த்துச் சொல்லமாட்டார். மேகமலையின் அடிவாரத்தில் பணிபுரியும் நாம் சேர்த்தே நினைக்கிறோம். ஒன்று, மனிதன் திட்டமிட்டு, கணக்கிட்டு, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வரவழைத்த நீர். மற்றொன்று, எவரும் வரவழைக்காமல் வந்தது. ஆன்மாவின் விழிப்பு என்று நாம் சொல்வது இவ்விரண்டில் எதைப் போன்றது? சுரங்கம் வெட்டினால் வந்துசேரும் பெரியாற்று நீர் போன்றதா? அல்லது யாரையும் கேளாமல் மேகமலையின் மேல் கவிந்து பொழியும் மழை போன்றதா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சில ஆண்டுகளாக நம் பள்ளத்தாக்கின் ஊர்களில் தியானப் பயிற்சி வகுப்புகள் பெருகி வருகின்றன. மூன்று நாள், பத்து நாள் என்று கால அளவும் கட்டணமும் குறித்த துண்டறிக்கைகள் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படுகின்றன. நம் மக்களும் செல்கின்றனர். சென்று நலம் பெற்றவர்களும் உளர். உறக்கம் வந்தது, கோபம் தணிந்தது, குடி நின்றது என்று அவர்கள் சொல்லக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், மேகமலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்துவரும் ஒரு தாய் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி வேறு. "சாமி, படிச்ச என் மகன் சொல்றான், செபமாலை வெறும் வாய்ச்செபமாம். தியானம் பழகாதவங்களுக்கு உள்கண்ணு தெறக்காதாம். நான் கண்ண மூடினா தூக்கந்தான் சாமி வருது. அப்ப எனக்குத் தெறக்காதா?"

இதற்கு நேர்மாறான குரலும் உண்டு. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் ரமணரைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்துவிட்டு வந்து, அவருக்கு எல்லாம் தானாகவே வந்ததாயிற்றே, பின் கோயிலும் செபமும் எதற்கு என்று வாதிட்டார். ஞாயிறு காலையில் உறங்குவதற்கு இதைவிட உயர்ந்த தத்துவம் கிடைப்பது அரிது!

தாயின் அச்சமும் இளைஞரின் துணிவும் அந்த 1896ஆம் ஆண்டு மாடியறைக்கே நம்மை இட்டுச் செல்கின்றன. ஆகவே அங்கு நிகழ்ந்ததை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

வேங்கடராமன் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தவர். 1892இல் தந்தை சுந்தரம் ஐயர் காலமானார். சிறுவர்கள் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் வளர்ந்தனர். அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். விவிலியப் பாடமும் அங்கே உண்டு. பந்தாட்டத்திலும் மற்போரிலும் விருப்பமுள்ள, படிப்பில் அத்தனை ஊக்கமில்லாத, உறங்கினால் அடித்தாலும் எழாத பிள்ளை. 1895 நவம்பரில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொல்ல, அப்படி ஓர் ஊர் மெய்யாகவே மண்மேல் இருக்கிறதா என்று வியந்தார். பின்னர் வீட்டில் கிடைத்த பெரியபுராணத்தைப் படித்து உருகினார். முன்வரலாறு இவ்வளவே. அவருக்குக் குரு இல்லை. எவரும் மந்திரம் கொடுத்ததில்லை. ஆசனமோ மூச்சுப் பயிற்சியோ அவர் கற்றதில்லை.

அன்று மாடியறையில் நோய் ஏதுமின்றித் திடீரென மரண அச்சம் அவரைப் பற்றியது. மருத்துவரையோ வீட்டாரையோ அவர் அழைக்கவில்லை. சாவு வந்துவிட்டது, சாவது எது என்று பார்த்துவிடுவோம் என்று தரையில் படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைக்க நீட்டினார். உதடுகளை இறுக மூடி மூச்சை அடக்கினார். இந்த உடல் செத்தது. இதைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் செல்வார்கள். உடலோடு 'நான்' என்பதும் சாகிறதா? அந்தக் கேள்வியின் முனையில் அவர் கண்டது பின் ஒருநாளும் அவரை விட்டு அகலவில்லை. மரண அச்சம் திரும்பி வரவே இல்லை. 1931இல் பி. வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வாயிலாக இச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

இதற்கு முற்பிறவித் தவத்தைக் காரணமாகச் சொல்வோர் உளர். நம் மறை அதை ஏற்பதில்லை. ஆகையால் அவ்விளக்கத்தை ஒருபுறம் வைப்போம். நம் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: பயிற்சி எதுவும் பெறாத ஒரு சிறுவன், தேடாத ஒன்றைக் கண்டான். ஆயினும் கூர்ந்து பார்க்கும்போது, அவன் வாளா இருக்கவில்லை என்பதும் தெரிகிறது. அச்சம் வந்தபோது ஓடவில்லை. அதன் முகத்தை நேரே பார்த்தான். அந்தப் பார்வையை எவரும் அவனுக்குக் கற்றுத் தரவில்லை என்பது உண்மை. அவனுக்காக வேறொருவர் அதைச் செய்யவும் இல்லை என்பதும் உண்மையே.

அதன்பின் நிகழ்ந்ததை நம் இளைஞர் படித்தாரா என்று தெரியவில்லை. 1896 ஆகஸ்ட் 29ஆம் நாள், தமையனின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட வேங்கடராமன், செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். கோவிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் உள்ள பாதாள லிங்கக் குழியில், புழுபூச்சிகள் தொடையை அரிப்பதும் அறியாமல் அமர்ந்திருந்தார். 1899 முதல் 1916 வரை விரூபாட்சிக் குகை. பின் 1922 வரை கந்தாசிரமம். நெடுங்காலம் பேச்சே இல்லை. அடையவேண்டியதை அடைவதற்காகச் செய்த தவமன்று அது; அடைந்ததில் நிலைத்திருந்தமையே என்பார் அவர். அரைமணி நேரத்தில் கிடைத்ததைக் காத்து இருப்பதற்கு அவர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். தானாக வந்தது என்பதன் விலை சிறிதன்று.

1907ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் விரூபாட்சிக் குகைக்கு ஒருவர் ஏறி வந்தார். காவ்யகண்ட கணபதி முனிவர் என்று புகழ்பெற்ற வடமொழிப் பெரும்புலவர் அவர். நதியாவில் அறிஞர் அவையையே வென்று பட்டம் பெற்றவர். பல்லாண்டுகள் மந்திர செபமும் நோன்பும் தவமும் இயற்றியவர். பயிற்சி என்று சொல்லத்தக்கது எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் தம்மினும் இளையவரான ரமணரின் காலடியில் விழுந்து கேட்டது என்ன? கற்கவேண்டியவற்றையெல்லாம் கற்றேன், செபிக்கவேண்டியவற்றையெல்லாம் செபித்தேன், தவம் என்றால் என்னவென்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பதே. ரமணர் நெடுநேரம் அவரைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: 'நான்' என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறதோ அங்கே கவனித்தால் மனம் அதிலே ஒடுங்கும், அதுவே தவம், ஒரு மந்திரத்தை உச்சரிக்கும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தாலும் மனம் அங்கே ஒடுங்கும், அதுவும் தவமே. மந்திரத்தைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை என்பதை நம் தோட்டத்துத் தாய்க்காக இங்கே குறித்துவைக்க விரும்புகிறோம்.

இனி, வரலாற்றில் அடிக்கடி காணப்படும் ஒரு நிகழ்வைக் கவனிப்போம். மாடியறையில் வேங்கடராமனுக்குத் தானாக எழுந்த கேள்வி, 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்க, மௌனத்திலிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளின் வழியாக, 'நான் யார்?' என்னும் சிறுநூலாயிற்று. பின்னர் அதுவே ஆன்ம விசாரணை என்னும் நெறியாயிற்று. இன்று அந்நெறியைக் கற்பிப்போர் பல நாடுகளில் உள்ளனர். முதல்வருக்குக் கொடையாக வந்தது, பின்வந்தோருக்குப் பயிற்சியாயிற்று. ஒருவர் நடந்து சென்ற காலடித் தடத்தையே நாம் பாதை என்கிறோம்.

நம் திருச்சபையிலும் இதுவே நடந்தது. 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்த இஞ்ஞாசியார், மறு ஆண்டு மன்ரேசா என்னும் சிற்றூரில் தங்கினார். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழங்காலில் நின்று செபித்தார். முடியும் நகமும் வளரவிட்டார், பட்டினி கிடந்தார். பயனாக வந்தது ஒளியன்று, ஐயுறவு நோய்! தம் பாவங்களை அறிக்கையிட்டது போதவில்லை என்ற வேதனையில் தற்கொலை எண்ணம்வரை சென்றார். பின்பு ஒருநாள், ஊருக்கு வெளியே இருந்த புனித பவுல் ஆலயத்திற்கு நடந்துசெல்லும் வழியில், கார்டனேர் ஆற்றைப் பார்த்தவண்ணம் சற்றே அமர்ந்தார். அப்போது அவர் அகக்கண் திறந்தது. தம் வாழ்நாள் முழுவதும் பெற்ற உதவிகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் அந்த ஒருபொழுதில் பெற்றதற்கு ஈடாகாது என்று முதுமையில் அவர் சொல்லி எழுதவைத்திருக்கிறார். ஏழு மணி நேரச் செபத்தின்போது வராதது, வழியில் களைப்பாற அமர்ந்தபோது வந்தது.

அந்த இஞ்ஞாசியார்தாம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலைத் தந்தார் என்பது வியப்பன்றோ? 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அது வெளிவந்தது. நாம் குருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக அதைத் திறந்தபோது நமக்கும் அது போர்ப்படைப் பயிற்சிக் கையேடுபோலத்தான் தோன்றியது. இத்தனை வாரம், இத்தனை மணி, இன்ன முறை. ஆனால் கையேட்டின் இடையிடையே அவர் கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறார். முன்காரணம் எதுவுமின்றி ஆன்மாவுக்கு ஆறுதல் தருவது இறைவன் ஒருவருக்கே உரியது என்கிறார். பயிற்சி தருபவர் குறுக்கே நிற்காமல், படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரே உறவாட விட்டுவிட வேண்டும் என்கிறார். கல்வியும் உடல்வலிமையும் குறைந்தவர்க்கு அவர்கள் தாங்கமுடியாதவற்றைக் கொடுக்காதே, ஆளுக்கேற்ப மாற்றிக்கொள் என்கிறார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று கர்த்தர் கற்பித்த செபத்தை மெல்லச் சொல்லும் முறையும் அந்நூலில் உண்டு. மூச்சைக் கவனிப்பது கீழைநாட்டாருக்கே உரியதென்று எண்ணுவோர் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அவ்வாறாயின் செபமாலை என்ன? கைக்குள் மணிகள், வாய்க்குள் சொற்கள், மனத்தினுள் மறைபொருள்கள். உடலையும் நாவையும் உள்ளத்தையும் ஒருசேரக் கட்டும் இத்தகைய பயிற்சியை நம் பாட்டிமார் கட்டணமின்றிக் கற்றனர். தியானம் பழகவில்லையே என்று வருந்தும் தாய், நாள்தோறும் ஐம்பத்துமூன்று மணிகளை உருட்டித் தியானம் பழகிக்கொண்டுதான் இருக்கிறார். பெயர்தான் அவருக்குத் தெரியவில்லை.

அவிலா நகரப் புனித தெரேசம்மாள் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ஓர் உவமை தந்தார். 1565இல் எழுதி முடித்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஆன்மாவைத் தோட்டமாகவும், செபத்தை அதற்கு நீர் பாய்ச்சுவதாகவும் காட்டுகிறார். அதற்கு நான்கு வழிகள். முதலாவது, கிணற்றில் கயிறுகட்டிக் கையால் சேந்துவது. இரண்டாவது, உருளையும் வாளிகளும் கொண்டு இறைப்பது. உழைப்புக் குறைவு, நீர் மிகுதி. மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வாய்க்கால் வழியே பாய்வது. நான்காவது மழை, அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கமலை கட்டி இறைத்த காலத்தை நம் முதியவர்கள் அறிவர். விடியுமுன் மாடுகளைப் பூட்டி, சால் நிரம்பி வாய்க்காலில் கவிழும் ஓசையைக் கேட்டுக்கேட்டு, நண்பகலில் பார்த்தால் நனைந்தது நாலு பாத்தியாக இருக்கும். பின்னர் மின்னேற்றி வந்தது. பெரியாற்று வாய்க்கால் பாயும் இருபோக நிலம் உடையவர் பேறுபெற்றவர். ஆனால் இவை எல்லாவற்றிற்கும் மேலே மேகமலை நிற்கிறது. அங்கே மழை பொய்த்தால் சுருளியில் அருவி இல்லை. கிணற்றில் ஊற்று இல்லை. கமலை மாடு வெறும் சாலைத்தான் இழுக்கும். கையால் சேந்தும் நீரும் என்றோ பெய்த மழைதானே!

தெரேசம்மாள் கூற வந்ததும் இதுவே என்று நாம் கொள்கிறோம். நான்காவது நீர் மட்டுமே அருள், முதல் மூன்றும் மனித முயற்சி என்று அவர் பிரிக்கவில்லை. கிணற்றில் நீர் ஊறுவதும் இறைவனின் செயல் என்றார். கிணறு வறண்டு, வாளி வெறுமையாக மேலேவரும் நாள்களிலும் தோட்டக்காரன் தன் வேலையை விடலாகாது என்றார். இதைச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவருக்குச் செபம் வறண்டே கிடந்தது. செபநேரம் எப்போது தீரும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த நாள்களும் உண்டென அவரே ஒப்புக்கொள்கிறார். 1554இல், காயமுற்ற கிறிஸ்துவின் உருவம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டு கண்ணீர் சொரிந்தபோது அவருடைய வானம் திறந்தது.

திருச்சபை இப்பொருளில் இருபுறமும் வேலியிட்டிருக்கிறது. மனிதன் தன் முயற்சியாலேயே நிறைவை எட்டமுடியும் என்ற பெலாஜியுவை ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் எதிர்த்து நின்றார். விசுவாசத்தின் முதல் அசைவும் அருளினால் வருவதே என்று 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் உரைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் கழித்து, மோலினோஸ் என்னும் ஸ்பானியக் குரு, ஆன்மா எதுவும் செய்யாமல் அசைவற்றுக் கிடப்பதே உயர்ந்த செபம் என்று கற்பித்தபோது, 1687இல் திருத்தந்தை பதினோராம் இன்னசெண்ட் அதையும் கண்டித்தார். தோட்டத்துத் தாயை அச்சுறுத்தியவர்கள் முதல் வேலியைத் தாண்டியவர்கள் என்றால், நம் இளைஞர் இரண்டாவது வேலிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

இது நமக்குமட்டும் உரிய சிக்கலும் அன்று. வைணவர் இதைக் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று விளக்குவர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனைக் குட்டியைத் தாயே வாயால் கவ்விச் செல்லும் என்பது தென்கலையார் கொள்கை. சைவத்தில், திருமூலர் அட்டாங்க யோகத்திற்கென்று ஒரு தந்திரமே பாடினார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரையோ திருப்பெருந்துறையில் இறைவனே வழிமறித்து ஆட்கொண்டார் என்பது அவர்கள் மரபு. சவுலும் தமஸ்கு நகருக்குத் தியானம் பழகச் செல்லவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

இவ்வினாவைத் தம் உடலிலேயே சுமந்து திரிந்த ஒருவரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். ஆன்ரி லெ சோ என்பவர் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்து, கெர்கொனான் மடத்தில் பெனெதிக்து சபைத் துறவியாகப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். 1948இல் தமிழகம் வந்து, குளித்தலையில் பணியாற்றிய அருள்தந்தை ஜூல் மொன்சனோடு சேர்ந்தார். இருவரும் 1950 மார்ச் 21ஆம் நாள் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினர். லெ சோ அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் ஏற்றார்.

அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்று முதிர்ந்த ரமணரைக் கண்டிருந்தனர். லெ சோ அதற்காகத் தம்மை நன்றாக ஆயத்தப்படுத்திக்கொண்டு சென்றார். ஆயினும் முதல் நாள் அவருக்கு எதுவும் நேரவில்லை. பூச்செண்டுகளும் வணங்குவோர் கூட்டமும் நடுவே, எவர் வீட்டுத் தாத்தாவையும் போன்ற ஒரு முதியவர், அவ்வளவே. அங்கிருந்த ஆங்கில மாது ஒருவர் அவரிடம், நீங்கள் மிகுந்த மூட்டைகளோடு வந்திருக்கிறீர்கள், வரவேண்டியது இன்ன வழியாகத்தான் வரவேண்டும் என்று நீங்களே வரையறுத்துவிட்டு நிற்கிறீர்கள் என்றார். அன்றிரவு அவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காய்ச்சலில் சிந்தனை தளர்ந்து அமர்ந்திருந்தபோதுதான், எதிரே இருந்தவரின் மௌனம் அவரைத் தொட்டது.

1950 ஏப்ரல் 14ஆம் நாள் ரமணர் மறைந்தார். அதன்பின் லெ சோ அருணாசலக் குகைகளில் பலமுறை தனித்திருந்தார். திருக்கோவிலூர் ஞானானந்தரிடம் அமர்ந்து கேட்டார். இமயத்தின் அடிவாரத்தில் குடிசையில் வாழ்ந்தார். மௌனம், உபநிடதங்கள், திருப்பாடல்கள், திருப்பலி என்று கால் நூற்றாண்டு சென்றது. கிறிஸ்துவில் தாம் கொண்ட விசுவாசத்துக்கும் அருணாசலத்தில் தம்மைத் தொட்டதற்கும் இடையே பாலம் காணாமல் அவர் பட்ட வேதனை அவருடைய நாட்குறிப்பெங்கும் விரவிக் கிடக்கிறது. மொன்சனடிகள் இறுதிவரை எச்சரிக்கையோடு நின்றவர், இவர் இறங்கிவிட்டவர். ரமணர் கண்டதும் பவுல் சந்தித்ததும் ஒன்றுதானா? ஒன்று தன்னை அறிதல்; மற்றது 'நீர் யார்?' என்று கேட்டு, ஒரு பெயரை விடையாகப் பெறுதல். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றென்பவரையும், அவசரப்பட்டு முன்னதை வெறும் மாயை என்பவரையும் நாம் நம்புவதில்லை. லெ சோ அவசரப்படவில்லை என்பதே அவரிடம் நாம் மதிப்பது.

1973 ஜூலை 14ஆம் நாள், ரிஷிகேசத்துக் கடைத்தெருவில் பொருள்கள் வாங்கிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு அவரைத் தெருவோரத்தில் வீழ்த்தியது. குகையிலோ பீடத்திலோ அல்ல, அந்தத் தெருவோரத்தில் கிடந்தபோதுதான் தாம் தேடியது தமக்குத் திறந்தது என்று நண்பர்களுக்கு எழுதினார். வாழ்வுக்கும் சாவுக்கும் அப்பாலான விழிப்பு என்று அதை அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் இறந்தார். இருபத்தைந்து ஆண்டுகளின் தவம் அந்த விழிப்பைக் கொண்டுவந்ததா? அப்படியானால் பேருந்து எதற்கு? தவத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லையா? அப்படியானால் அதே தெருவில் அதே போல் விழுந்த எத்தனையோ பேர் வலியை மட்டும் கண்டது ஏன்? நமக்குத் தோன்றுவது இதுதான்: கண்மாய் வெட்டியவன் மழையை வரவழைக்கவில்லை, ஆனால் பெய்த மழை அவன் கண்மாயில் நின்றது. கரையில்லாத நிலத்திலும் அதே மழை பெய்தது, ஓடிப்போயிற்று.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், தெரேசம்மாளின் திருநாளில், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் வெளியிட்டது. கர்தினால் ராட்சிங்கர் ஒப்பமிட்ட மடல் அது. யோகம், சென் முதலிய பயிற்சிகளை அது முழுவதும் தள்ளிவிடவில்லை. உடலும் உள்ளமும் அமைதியுற அவை உதவலாம் என்றே சொல்கிறது. ஆனால் அந்த அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கிவிடக்கூடாது. உண்மையான அருட்காட்சி உத்திகளால் கிடைப்பதன்று, அது எப்போதும் இறைவனின் கொடை என்கிறது. அம்மடல் வந்தபோது சிலர் அதைத் தடையாணையாக வாசித்தனர். நாமோ அதில் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு ஓர் உறுதிமொழியைக் கண்டோம். கொடை எனப்படுவது எதற்கும் வாயிற்சீட்டு இருக்கமுடியாது.

ரமணரின் வாழ்விலிருந்தே இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மகனைத் திரும்ப அழைத்துச் செல்ல 1898இல் வந்து, அழுது, பலிக்காமல் திரும்பியவர் அவருடைய அன்னை அழகம்மாள். பின்னர் 1916இல் மகனிடமே வந்து தங்கினார். அவர் செய்தது பெரும்பாலும் சமையல். வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டார். 1922 மே 19ஆம் நாள் அவர் உயிர் பிரியும் வரையில் மகன் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி அருகே இருந்தார். தாய் விடுதலை அடைந்தார் என்பது ரமணரின் உறுதியான கருத்து. மற்றது, ஆசிரமத்தில் வளர்ந்த இலட்சுமி என்னும் பசு. அது 1948 ஜூன் 18ஆம் நாள் இறந்தபோது, அதுவும் விடுதலை பெற்றதென்று அவரே செய்யுள் எழுதிக் கல்லில் பொறிக்கச் செய்தார். நாம் அந்த இறையியலை ஏற்க வேண்டுவதில்லை. ஆனால், பயிற்சியில் தேறியவர்க்கே கதவு திறக்கும் என்று ரமணரின் பெயரால் சொல்லித் திரிபவர்கள், அந்தச் சமையற்கட்டையும் தொழுவத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மேலே, மேகமலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை திருப்பலிக்கு முன் அரைமணி நேரம் மௌனமாக அமரும் வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். எவரும் எதையும் கற்பிப்பதில்லை. செபமாலை சொல்ல விரும்புவோர் சொல்லலாம். நாள் முழுதும் சரிவில் நின்ற களைப்பில் உறங்கிவிடுவோரை நாம் எழுப்புவதில்லை. கொழுந்து எடைபோட்டு, வீடுசென்று, அடுப்பு மூட்டிவிட்டு வர அவர்களுக்கு நேரம் வேண்டியிருப்பதால், ஆறு மணி என்றிருந்ததை ஆறரைக்கு மாற்றியிருக்கிறோம். மழைக்காலத்தில் சின்னமனூரிலிருந்து மலையேறும் பேருந்து பனிமூட்டத்தில் பிந்திவிடுகிறது. அந்நாள்களில் நாம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் தொடங்கியிருப்பார்கள்.